ஜலதோஷத்தை மறைத்த மகள்: ஒரு தந்தையின் கடிதத்துக்கு விமான மருத்துவரின் பதில்

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். தஞ்சாவூர் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு பார்க்கிறேன். என் ஒரே மகள் இன்ஜினியரிங் முடித்துவிட்டு விமானப்படையில் சேர்ந்து, ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் துண்டிகலில் பைலட் பயிற்சியில் இருக்கிறாள். போர் விமானம்தான் ஓட்டுவேன் என்கிறாள். எங்கள் தலைக்கு மேலேயே சுகோய் பறக்கிற ஊர் இது. இதுவரை பெருமையாகத்தான் அண்ணாந்து பார்த்தேன். போன மாதம் செல்போனில் ஒரு வீடியோ வந்தது. அமெரிக்காவில் பயிற்சி பைலட் ஒருவர் விமானத்தை வேகமாகத் திருப்பும்போதே மயங்கிவிடுகிறார், விமானம் தரையைப் பார்த்துப் பாய்கிறது, ரேடியோவில் இன்னொருவர் கத்துகிறார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இப்படி மயங்கினால் மூளை கெடாதா? பெண் பிள்ளை உடம்பு இதைத் தாங்குமா, நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது ஏதாவது ஆகுமா? அடுத்து ஏதோ ஓர் அறையில் உட்கார வைத்து ஆக்ஸிஜனைக் குறைத்துப் பார்ப்பார்களாம், அது ஆபத்து இல்லையா? போக்குவரத்து விமானத்துக்கு மாறிக்கொள் என்று சொல்லலாமா? மற்றபடி பாப்பா நன்றாக இருக்கிறாள். போன வாரம் ஜலதோஷமாம். டாக்டரிடம் சொன்னால் பறக்க விடமாட்டார்கள் என்று சொல்லாமலே பறந்துவிட்டாளாம்.

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்கும் நியாயமான கேள்விகள், பதில் சொல்கிறேன். ஆனால் என்னைத் துணுக்குற வைத்தது நீங்கள் கேள்வியாகவே எழுதாத அந்தக் கடைசி வரி. விமானப்படை மருத்துவப் பிரிவில் பைலட்டுகளின் உடம்பைப் பார்ப்பதே வேலையாகப் பல வருடம் இருந்தவன் நான். அதனால் ஜலதோஷத்திலிருந்தே தொடங்குகிறேன்.

செவிப்பறைக்குப் பின்னால் சிறிய காற்றறை ஒன்று இருக்கிறது. அங்கிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. விமானம் மேலே ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் காற்று விரிந்து அந்தக் குழாய் வழியாகத் தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது காற்று உள்ளே திரும்பிப் போக வேண்டும். ஜலதோஷத்தில் குழாயின் வாய் வீங்கி ஒட்டிக்கொண்டிருக்கும், காற்று போகாது. வெளியழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளும். வலி வரும், ரத்தம் கட்டும், சில சமயம் பறை கிழிந்தே போகும். நெற்றி எலும்புக்குள் இருக்கும் சைனஸிலும் இதே கதைதான், அந்த வலியைக் கத்திக்குத்து என்றுதான் பைலட்டுகள் சொல்வார்கள். ஒரு காது திறந்து மறு காது அடைத்திருந்தால் தலை சுற்றும். இவ்வளவும் நடப்பது இறங்கும் நேரத்தில். தரை நெருங்கி வருகிறது, கண்ணும் கையும் நிதானமாக இருந்தாக வேண்டும். அப்போது உலகம் சுற்றினால்?

நான் வேலை பார்த்த ஒரு தளத்தில் இளம் பைலட் ஒருவர் இப்படித்தான் மறைத்தார். முதல் நாளே சொல்லியிருந்தால் நான்கு நாள் ஓய்வில் முடிந்திருக்கும். மறைத்துப் பறந்ததில் காதுக்குள் ரத்தம் கட்டி, மூன்று வாரம் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் கெட்ட பையன் இல்லை. கூடப் படிப்பவர்கள் முன்னே போய்விடுவார்கள் என்ற பயம், அவ்வளவுதான். உங்கள் மகளுக்கும் அதே பயம்தான் இருக்கும். மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஜலதோஷ மாத்திரை பலவற்றில் தூக்கம் வரவைக்கும் மருந்து இருக்கிறது என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். அதைப் போட்டுக்கொண்டு பறப்பது இரண்டாவது தவறு.

சரி, அந்த அறைக்கு வருவோம். சேம்பர் என்று சொல்வார்கள். காற்றுப் புகாத இரும்பு அறை. பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றை இறைத்து, 25,000 அடி உயரத்தில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அந்த அளவுக்குக் கொண்டுவருவார்கள். கொடைக்கானல், ஊட்டி போனால் சோறு வேக நேரமாகிறது அல்லவா? மலையில் காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் சீக்கிரமே, குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைந்துகொண்டே வரும். 18,000 அடியில் பாதி, 25,000 அடியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். காற்றில் ஆக்ஸிஜன் அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் அதை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளும் அழுத்தம் இல்லை. எவ்வளவு ஆழமாக மூச்சு இழுத்தாலும் பத்தாது.

போர் விமானத்தின் காக்பிட்டில் பயணிகள் விமானத்தில் இருப்பது போலக் காற்றை முழுதாக அடைத்து வைப்பதில்லை. 40,000 அடியில் பறக்கும்போது உள்ளே இருப்பவருக்குச் சுமார் 16,000 அடி மலை உச்சியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அதனால்தான் கிளம்பியதிலிருந்து இறங்கும்வரை மாஸ்க் முகத்திலேயே இருக்கிறது. அந்த மாஸ்க் சரியாகப் பொருந்தாமல் போகலாம், குழாய் கழன்றுகொள்ளலாம், ஆக்ஸிஜன் தரும் கருவி பழுதாகலாம். அப்போது பைலட் அதைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். கஷ்டம் எங்கே என்றால், கண்டுபிடிக்க வேண்டிய மூளையைத்தான் ஆக்ஸிஜன் குறைவு முதலில் பிடிக்கிறது.

நான் முதன்முதலாகச் சேம்பரில் உட்கார்ந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. முதலில் அரை மணி நேரம் சுத்தமான ஆக்ஸிஜனைச் சுவாசிக்க வைத்தார்கள். ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜனை வெளியேற்றத்தான் அது. இல்லாவிட்டால் அழுத்தம் குறையும்போது சோடா பாட்டிலைத் திறந்ததும் குமிழி வருவது போல மூட்டுகளில் குமிழி கட்டிவிடும். 25,000 அடி வந்ததும் மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார்கள். கையில் ஒரு தாள், பென்சில். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுத வேண்டும். 93, 86, 79. சுலபமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் உடம்பில் இதமான சூடு பரவியது, மனசுக்குள் காரணமில்லாத ஒரு சந்தோஷம். இந்தப் பரிசோதனையை என்னைப் போல யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்றுகூட நினைத்தேன். மாஸ்க்கைப் போடு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது, போட வேண்டும் என்று தோன்றவில்லை. பக்கத்தில் இருந்தவர்தான் போட்டுவிட்டார். இரண்டு மூச்சுக்குள் அறையே வெளிச்சமானது. அதற்கு முன் எல்லாம் மங்கியிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. தாளைப் பார்த்தேன். நான்காவது வரியிலிருந்து வெறும் கிறுக்கல். விரல் நகங்கள் நீலமாக இருந்தன.

அந்த உயரத்தில் மாஸ்க் இல்லாமல் உருப்படியாக வேலை செய்ய 3 முதல் 5 நிமிடம் கிடைக்கும். 30,000 அடியில் 1 முதல் 2 நிமிடம். 40,000 அடியில் 15 முதல் 20 நொடி. நினைவு போகும்வரை உள்ள நேரம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்குப் புத்தி வேலை செய்யும் நேரம் இது. அதற்குப் பிறகும் ஆள் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார், சிரிக்கக்கூடச் செய்வார்.

இது புதிதாகத் தெரிந்த விஷயம் இல்லை. 1875 ஏப்ரல் 15 அன்று பிரான்சில் ஜெனித் என்ற பலூனில் மூன்று பேர் மேலே போனார்கள். தீசாந்தியே, குரோசே-ஸ்பினெல்லி, சிவெல். ஆக்ஸிஜன் நிரப்பிய பைகளும் எடுத்துப் போயிருந்தார்கள். அழுத்தம் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த போல் பெர் என்ற விஞ்ஞானி, அந்த ஆக்ஸிஜன் போதாது என்று எழுதிய கடிதம் வந்து சேர்வதற்குள் பலூன் கிளம்பிவிட்டது. 8,000 மீட்டரைத் தாண்டியது. குழாய் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. தீசாந்தியே அதை எடுக்க நினைத்தபோது கை எழவில்லை. பலூன் இறங்கியபோது மற்ற இருவரும் இறந்திருந்தார்கள். தீசாந்தியே காது கேட்கும் திறனை இழந்து பிழைத்தார். அந்த நேரத்தில் தனக்கு எந்த வேதனையும் தெரியவில்லை, ஒளி சூழ்ந்தது போல ஓர் உள் மகிழ்ச்சிதான் இருந்தது என்று பிறகு எழுதினார். நூறு வருடத்துக்கும் மேல் கழித்து நான் அந்த இரும்பு அறையில் உணர்ந்ததும் அதே மகிழ்ச்சிதான்.

அதனால்தான் மகளைச் சேம்பரில் உட்கார வைக்கிறார்கள். ஆக்ஸிஜன் குறைவதைத் தாங்கப் பழக்குவதற்காக அல்ல, அந்தச் சில நிமிடத்தில் யாராலும் அதற்குப் பழகிவிட முடியாது. அவள் உடம்பு தரும் முதல் அறிகுறி எது என்று அவளுக்குக் காட்டுவதற்காக. ஒருவருக்கு உதடு மரத்துப்போகும், ஒருவருக்கு விரல் நுனியில் எறும்பு ஊரும், ஒருவருக்கு நிறங்கள் வெளுக்கும், ஒருவருக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வரும். ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் ஒருவருக்கு வந்த வரிசை அடுத்த முறையும் பெரும்பாலும் அதே போலத்தான் வரும். அவள் அதை மனசில் குறித்துக்கொண்டால், ஒருநாள் வானத்தில் அது தலைகாட்டியதும் கை தானாக ஆக்ஸிஜன் ஸ்விட்சுக்குப் போகும். சேம்பருக்குள் பயிற்சி பெற்றவர்கள் கூடவே இருப்பார்கள், டாக்டர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். சிறிய ஆபத்துகள் உண்டு, காது அடைப்பதுதான் அதிகம் வருவது. ஜலதோஷத்தோடு அதற்குள் போகவே கூடாது. மறைத்துவிட்டுப் போனால் கத்திக் கதறும் அளவுக்கு வலிக்கும்.

வீட்டுப் பக்குவம் ஒன்றும் இதில் இருக்கிறது. 25,000 அடியில் வயிற்றில் இருக்கும் வாயு மூன்று மடங்கு வரை விரியும். முந்தின நாள் மொச்சை, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு வேண்டாம்.

இப்போது அந்த வீடியோ. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது 2016 மே மாதம் அமெரிக்காவின் அரிசோனாவில் எஃப்-16 விமானத்தில் நடந்தது. பயிற்சி பைலட் 8 ஜிக்கு மேல் இழுத்துத் திருப்பினார், நினைவு போனது. சுமார் 22 நொடி அவர் தன் வசம் இல்லை. விமானத்தின் மூக்குக் கீழே போய், அது ஒலியைவிட வேகமாகத் தரையை நோக்கிப் பாய்ந்தது. பயிற்சியாளர் ரேடியோவில் கத்தியது அப்போதுதான். ஆனால் ஐயா, அந்த விமானத்தில் தரை நெருங்குவதைக் கணக்கிட்டுத் தானாகவே மேலே இழுக்கும் கருவி இருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் எஃப்-16களில் அதைப் பொருத்த ஆரம்பித்திருந்தார்கள். அது விமானத்தை நிமிர்த்தியது, அவருக்கும் நினைவு திரும்பியது. அந்தப் பையன் பிழைத்துவிட்டார். வீடியோவை உங்களுக்கு அனுப்பியவர் இதையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம்.

ஜி என்பது என்ன? சின்ன வயதில் தூக்குவாளியில் தண்ணீர் வைத்துக் கையைச் சுழற்றியிருப்பீர்கள். வாளி தலைகீழாக வந்தாலும் தண்ணீர் கொட்டாது, அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கும். விமானம் வளைந்து திரும்பும்போது பைலட்டின் ரத்தம்தான் அந்தத் தண்ணீர். கால் பக்கம் ஒதுங்கப் பார்க்கும். நாம் இப்போது உட்கார்ந்திருப்பது 1 ஜி. 9 ஜியில் எல்லாமே ஒன்பது மடங்கு கனக்கும். உங்கள் மகள் 60 கிலோ என்றால், மில்லில் நீங்கள் பார்க்கும் 60 கிலோ மூட்டை ஒன்பதை அடுக்கி வைத்த கனம்.

இதயத்திலிருந்து மூளை ஒரு அடி உயரத்தில் இருக்கிறது. மாடித் தொட்டிக்கு மோட்டார் தண்ணீர் ஏற்றுவது போல இதயம் ரத்தத்தை ஏற்றுகிறது. ஒவ்வொரு ஜி கூடும்போதும் தொட்டி இன்னொரு மாடி மேலே போனது போல. ரத்த அழுத்தக் கணக்கில் சொன்னால் ஒரு ஜிக்குச் சுமார் 22 புள்ளி தலைக்குப் போகாமல் குறையும். சராசரி அழுத்தம் 100 என்றால், 4-லிருந்து 5 ஜிக்குள் மூளைக்கு ரத்தம் ஏறுவதே நின்றுவிடும். இது காப்பு உடை எதுவும் போடாமல், எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருப்பவர் கணக்கு.

நல்லவேளையாகக் கண் முன்னதாகவே சொல்லிவிடும். கண்ணுக்குள்ளே இயல்பாகவே ஓர் அழுத்தம் இருப்பதால் விழித்திரைக்குத்தான் முதலில் ரத்தம் குறையும். நிறம் வெளுக்கும், ஓரங்கள் மறைந்து குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கும், பிறகு இருட்டு. நினைவு அப்போதும் இருக்கும். பைலட் திருப்பத்தைத் தளர்த்தினால் பார்வை திரும்பிவிடும். ஆபத்து எப்போது என்றால், ஜி மிக வேகமாக ஏறும்போது. மூளையில் கையிருப்பு ஆக்ஸிஜன் 4 முதல் 6 நொடிக்குத்தான் வரும். உடம்பு தானாக ரத்தக் குழாய்களை இறுக்கி ஈடுகட்ட அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். இன்றைய போர் விமானம் ஓரிரு நொடியில் 8, 9 ஜிக்குப் போய்விடும். கண் எச்சரிக்காமலே நினைவு போகும். பைலட்டுகள் இதை ஜி-லாக் என்பார்கள். சுமார் 12 நொடி முழு மயக்கம், அப்புறம் இன்னொரு 12 நொடி போல, நான் யார், எங்கே இருக்கிறேன் என்ற குழப்பம். கை கால் வெட்டி இழுக்கும், குட்டிக் கனவுகூட வரும். எழுந்த பிறகு மயங்கியதே சிலருக்கு நினைவிருக்காது.

மூளை கெடுமா என்று கேட்டீர்கள். தரையில் சென்ட்ரிஃபியூஜ் என்ற ராட்சத ராட்டினத்தில் வைத்துச் சுற்றும்போது பலர் மயங்கி எழுந்திருக்கிறார்கள். அவர்களிடம் நிலைத்த மூளைப் பாதிப்பு காணப்படவில்லை. அந்த 25 நொடி ரத்தக் குறைவு மூளையைக் கொல்லாது. அந்த 25 நொடியில் விமானத்தை ஓட்ட யாரும் இல்லை என்பதுதான் கொல்லும்.

இந்த மயக்கத்தைத் தடுக்க முதல் உடையைத் தைத்தவர் கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த வில்பர் ஃபிராங்ஸ். புற்றுநோய் ஆராய்ச்சியாளர். வேகமாகச் சுற்றும் ஆய்வுக் கருவியில் அவருடைய கண்ணாடிக் குழாய்கள் உடைந்துகொண்டே இருந்தன. அவற்றைத் தண்ணீரில் அமிழ்த்திச் சுற்றியபோது உடையவில்லை. மனித உடம்பையும் தண்ணீரால் சூழ்ந்தால்? எலிகளை நீர் நிரப்பிய ரப்பர் உறைக்குள் வைத்துச் சுற்றிப் பார்த்தார், பிழைத்தன. இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குள்ள பான்டிங்கின் ஆதரவோடு 1940-ல் தண்ணீர் நிரப்பிய உடையைத் தானே போட்டுக்கொண்டு பறந்தும் பார்த்தார். 1942-ல் வட ஆப்பிரிக்கப் போரில் பிரிட்டிஷ் கடற்படை பைலட்டுகள் அதை அணிந்தார்கள். இப்போது தண்ணீருக்குப் பதில் காற்று. ஜி ஏறியதும் வயிற்றையும் தொடையையும் கெண்டைக்காலையும் உடை இறுக்கிப் பிடிக்கும். ஆனால் அந்த ஜி-சூட் கூட்டித் தருவது 1 அல்லது 1.5 ஜிதான். மீதியைப் பைலட்டின் தசைதான் சம்பாதிக்க வேண்டும்.

எப்படி? ஜி ஏறுவதற்கு முன்பே காலையும் தொடையையும் வயிற்றையும் கல்லாக இறுக்க வேண்டும். முழு மூச்சை இழுத்துத் தொண்டையை அடைத்து முக்க வேண்டும். மூன்று நொடிக்கு ஒருமுறை, ஒரு நொடிக்குள் மூச்சை மாற்றி மறுபடி முக்க வேண்டும். சரியாகச் செய்தால் 3, 4 ஜி கூடுதலாகத் தாங்கும். ஒரு மூச்சு தப்பினாலும் கண் இருட்டும். போர் விமானப் பைலட்டுகள் பெங்களூரில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்தில் சென்ட்ரிஃபியூஜில் உட்கார்ந்துதான் இதைக் கற்கிறார்கள். ககன்யான் விண்வெளி வீரர்களுக்கான தேர்வு 2019-ல் நடந்ததும் அங்கேதான். உங்களுக்கு ரத்த அழுத்தம் இருந்தால் இந்த முக்கலை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

பெண் உடம்பு தாங்குமா? 1980-களிலேயே அமெரிக்க விமானப்படை பெண்களையும் ஆண்களையும் சென்ட்ரிஃபியூஜில் ஒப்பிட்டுப் பார்த்தது. ஜி தாங்குவதில் வேறுபாடு தென்படவில்லை. உயரம் குறைந்தவருக்கு இதயத்துக்கும் கண்ணுக்கும் தூரம் குறைவு என்பதால் சிறு அனுகூலமே உண்டு. நம் நாட்டில் 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் முதல் பெண் போர் விமானப் பைலட்டுகளாகப் பொறுப்பேற்றார்கள். கர்ப்ப காலத்தில் போர் விமானம் ஓட்ட மாட்டார்கள். பிள்ளை பெற்று மறுபடி பறக்க வந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இந்தக் கவலையை நீங்கள் இறக்கி வைத்துவிடலாம்.

ஆனால் பெண்களுக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன, அவற்றை யாரும் வெளியே பேசுவதில்லை. ஜி-சூட்டை ஆண் உடம்புக்கு அளவெடுத்து வெட்டி வந்தது பல காலம். இடுப்பில் பொருந்தினால் வயிற்றில் தொளதொளக்கும், அப்படி இருந்தால் அது பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது. சரியாகப் பொருந்தும்வரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். அடுத்தது தண்ணீர். பறக்கும்போது சிறுநீர் கழிப்பது சிரமம் என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் போகிற பழக்கம் பைலட்டுகளிடம் உண்டு, பெண்களிடம் அதிகம். உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தின் அளவு குறையும், ஜி தாங்கும் சக்தி கணிசமாக விழும். மூன்றாவது ரத்த சோகை. நம் வீட்டுப் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இரும்புச்சத்து குறைவு என்பது உங்களுக்கே தெரியும். ஆக்ஸிஜனைத் தூக்கிச் செல்வது ஹீமோகுளோபின்தான். அது குறைந்தால் 10,000 அடியிலேயே அவள் உடம்புக்கு இன்னும் உயரத்தில் இருப்பது போல ஆகிவிடும்.

அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புரட்டாசி சனிக்கிழமை விரதம் இருக்கச் சொல்லி மகளிடம் கேட்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருக்கிறதோ என்னவோ, இருந்தால் பறக்கும் நாளில் வேண்டாம். காலையில் சாப்பிடாமல் 5 ஜி இழுப்பது பெரிய முட்டாள்தனம். அதே போல வீட்டிலிருந்து அனுப்பும் லேகியம், சூரணம், கஷாயம் எதுவானாலும் அங்குள்ள மெடிக்கல் ஆபீசரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடட்டும். ரத்த தானம் செய்தால் அதையும் சொல்ல வேண்டும், சில நாள் பறக்க முடியாது.

உண்மையான நீண்டகாலச் செலவு ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். கழுத்து. தலையும் ஹெல்மெட்டும் மாஸ்க்கும் சேர்த்து 7 கிலோ வைத்துக்கொள்வோம். 9 ஜியில் அது 63 கிலோ. அந்தக் கனத்தோடு பின்னால் எதிரி வருகிறானா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். போர் விமானப் பைலட்டுகளில் கழுத்து வலி இல்லாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முதுகெலும்பும் தேயும். ஆபத்தில் இருக்கையோடு வெளியே எகிறிக் குதிக்க நேர்ந்தால் முதுகு எலும்பு நசுங்கக்கூடும். கழுத்துக்கும் முதுகுக்கும் இப்போதே எடை வைத்து உடற்பயிற்சி தொடங்கச் சொல்லுங்கள். வெறுமனே மைல் கணக்கில் ஓடுவது மட்டும் இதற்குப் போதாது. லீவில் வரும்போது கழுத்து வலிக்கிறது என்றால் பாசத்தில் சுளுக்கெடுப்பவரிடம் அழைத்துப் போகாதீர்கள். கழுத்தை நெட்டி முறிப்பது இந்தப் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது.

போக்குவரத்து விமானத்துக்கு மாறச் சொல்லலாமா? சொல்லாதீர்கள் என்பது என் கருத்து. எந்தப் பிரிவு என்பதை அவள் திறமையையும் உடம்பையும் பார்த்து அங்கே முடிவு செய்வார்கள். போக்குவரத்து விமானம் என்றால் 9 ஜி இருக்காது, ஆக்ஸிஜன் குறைவு அங்கேயும் கூடவே வரும். லடாக்கில் தௌலத் பேக் ஓல்டி என்ற ஓடுதளம் 16,600 அடிக்கு மேல் இருக்கிறது. நம் சரக்கு விமானங்கள் அங்கே இறங்குகின்றன. இறங்கி நிற்கும் தரையிலேயே காற்றழுத்தம் கிட்டத்தட்டப் பாதிதான். எங்கே போனாலும் தன் உடம்பைக் கவனித்து உள்ளதைச் சொல்லத் தெரிய வேண்டும்.

இதைத்தான் ஜலதோஷத்திலிருந்து நான் சொல்லிக்கொண்டே வருகிறேன். அமெரிக்காவின் எஃப்-22 விமானத்தில் பைலட்டுகளுக்கு மூச்சுத் திணறலும் தலைசுற்றலும் வந்துகொண்டே இருந்தது. 2011-ல் நான்கு மாதம் அத்தனை எஃப்-22களையும் தரையில் நிறுத்தியும் காரணம் பிடிபடவில்லை. மறுபடி பறக்க ஆரம்பித்த பிறகும் தொடர்ந்தது. பறக்க மறுத்தால் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தே 2012-ல் இரண்டு பைலட்டுகள் தொலைக்காட்சியில் வெளிப்படையாகப் பேசினார்கள். கடைசியில், ஜி ஏறும்போது மட்டும் உப்ப வேண்டிய மேல்சட்டை ஒரு வால்வின் குறையால் தேவையில்லாதபோதும் உப்பி நெஞ்சை அமுக்கி, மூச்சை இழுக்க விடாமல் செய்வது தெரிந்தது. ஜியிலிருந்து காக்கத் தைத்த உடையே மூச்சைப் பிடித்திருக்கிறது. தங்கள் உடம்பில் ஏதோ சரியில்லை என்று பைலட்டுகள் வாயைத் திறந்து சொல்லாமல் எந்தக் கருவியும் இதைக் காட்டியிருக்காது.

உங்கள் மகள் பறக்கிற நாளில் தானே போய், இன்று எனக்குச் சரியில்லை என்று டாக்டரிடம் சொன்னால் அவளுடைய மதிப்பு குறையாது. அந்த நம்பிக்கை அவளுக்கு வீட்டிலிருந்தும் வர வேண்டும். போன வாரம் எத்தனை முறை பறந்தாய், மற்றவர்கள் எத்தனை என்று போனில் கேட்கிறீர்களா? கேட்பீர்கள், எல்லா அப்பாவும் கேட்பார்கள். கொஞ்ச நாளைக்கு அதை விட்டுவிடுங்கள். ஜலதோஷத்துக்கு நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன் என்று அவள் சொன்னால், நல்ல காரியம் செய்தாய் என்று சொல்லுங்கள்.

சேம்பர் பயிற்சி முடிந்து அன்று இரவு போன் செய்வாள். பயமாக இருந்ததா என்று கேட்க வேண்டாம். "உனக்கு முதலில் என்ன வந்தது, பாப்பா?" என்று கேளுங்கள். உதடு மரத்ததா, விரல் குறுகுறுத்ததா, சும்மா சிரிப்பு வந்ததா என்று அவள் சொல்வாள். நீங்களும் அதை மில் கணக்கு நோட்டின் ஓரத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.